கடைசி வரியில் தாத்தா

என் தங்கமே,

ஆஸ்பத்திரி பஸ் மறுபடியும் ஓடுகிறது! முதல் ஆளாக ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்தது உன் தாத்தாதான்.

அரசாங்கம் அதை நிறுத்தினபோது, நிருபர் பேத்தி நீ எழுதினால் போதும் என்றிருந்தேன். நீயோ, "பாட்டி, அது தாத்தா டயாலிசிஸுக்குப் போற பஸ். சொந்த வீட்டு விஷயத்த நான் எழுதக்கூடாது, ஆபீஸ்ல வேற ஆள அனுப்புவாங்க" என்றாய். விளம்பரம் வாங்காமல், வாசகர் நன்கொடையில் நடக்கிற ஆபீஸுக்கு இத்தனை வீம்பா என்று போனை வைத்தேன். அப்புறம் நீ கூப்பிட்டபோதெல்லாம் எனக்கு ஏதோ வேலை இருந்தது.

உங்கள் ஆபீஸிலிருந்து வந்த பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று எல்லாரையும் விசாரித்தாள். நான் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. உன்னைப் போலவே ஒரு அழுத்தக்காரி! உங்கள் செய்தியை எவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமாமே, நம் ஊர் பேப்பர் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டது. மந்திரி அசைந்தார்.

அந்தச் செய்தியின் கடைசி வரி: "எங்கள் நிருபர் ஒருவரின் தாத்தா இந்தப் பேருந்தில் செல்பவர். அந்த நிருபர் இச்செய்தியில் பங்கேற்கவில்லை."

தாத்தா அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். கண்டக்டர் வந்ததும் நீட்டினார்.

"அந்தத் தாத்தா நான்தான்யா!"

"ரொம்ப சந்தோஷம் பெரியவரே, டிக்கெட்ட எடுங்க."

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டில் இருந்த நான் விடுவேனா? எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன்: "அந்த நிருபர் என் பேத்தி. இதுல ஒரு எழுத்துகூட அவ எழுதல!"

சாயங்காலம் கூப்பிடு. எனக்கு ஒரு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
கடைசி வரியில் வந்தவரின் பெண்டாட்டி