பதினெட்டாவது தோள்

முந்தாநாள் ஆயுத பூஜைக்காகக் கம்பெனியில் என் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டிராயர் மூலையில் உன் சிவப்பு விசில் அகப்பட்டது. ஊதிப் பார்க்க வாயருகே கொண்டுபோனேன். பாசி வாடை அடித்தது. எண்ணெய்க் கந்தலோடு வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் அது. கிரீஸ் வாடை அடித்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

நீ ஊதினால் மொத்த வேனும் வாயை மூடும். பூஜைக்கு மறுநாள் கம்பெனி லீவு. நாம் பதினெட்டுப் பெண்களும் மேனாம்பேட்டில் ஏறுவோம். பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர் என்று மூன்று ஊர்ப் பெருமாளையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஏரிக்கரையில் புளிசாதத்தைப் பிரிப்போம். மகாபலிபுரத்துக்குப் போகிறவர்கள் போகட்டும், நமக்கு இதுதான் டூர். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும் முன் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாய். யாராவது விரல் நீட்டி எண்ணினால் உனக்கு ஆகாது. "ஆடா மாடா? தொட்டு எண்ணுடி. தொட்டாத்தான் ஆளு கீதா இல்லியான்னு தெரியும்" என்பாய்.

அந்த வருஷம் திருமழிசையில் வளையல் கடையில் நான் நின்றுவிட்டதற்காக எல்லார் முன்னாலும் என்னைக் கிழி கிழியென்று கிழித்தாய். என் கோபம் ஏரிக்கரை வரைக்கும் ஆறவில்லை. மூன்று மணி வெயில். தூக்குப்பாத்திரம் கழுவ மதகுப் படியில் இறங்கிய நீ, "எண்ணி வைடி, தோ வந்துட்டேன்" என்றாய். நான் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே விரலை நீட்டினேன். என்னையும் சேர்த்துப் பதினெட்டு. டிரைவரிடம் போகலாம் என்றேன்.

பட்டாபிராம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோதுதான் பின்னாலிருந்து சரோஜா கேட்டாள்: "இன்னாடி, விசிலு சத்தத்தையே காணோம்?"

இடுக்கில் புகுந்து ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணினேன். என்னையும் சேர்த்துப் பதினேழு. கடைசி சீட்டின் ஜன்னலோரம் காலியாக இருந்தது. ரெக்சின் நனைந்து, தண்ணீர் கீழே சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நேரம் என்னை இடிச்சிகினு ஒருத்தி உக்காந்துகினு வந்தாளே" என்றாள் சரோஜா. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

திரும்பிப் போனபோது நீ மதகின் கடைசிப் படியில் நின்றிருந்தாய். இடுப்பு வரைக்கும் தண்ணீர். உனக்கு நீச்சல் தெரியாது. என்னைப் பார்த்ததும் எரிச்சலாகத்தான் கேட்டாய்.

"ஏண்டி கைய உட்டுட்டு மேல போன? இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படின்னு நீதானே கூப்டுகினு இருந்த?"

உன்னைக் கரையேற்ற என் கையை நீட்டினேன். நீ அதைப் பிடித்துப் பார்த்து, உடனே விட்டுவிட்டாய்.

"இது இல்ல" என்றாய். "அது சில்லுனு இருந்துச்சு."

அன்றைக்கே விசிலை என்னிடம் கொடுத்துவிட்டாய். அப்புறம் நீ தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. நீ ஏறாதது நெரிசலில் தெரியவில்லை என்று நான் சொன்னதை நம்பி, மறுநாளே என் டிபனில் கை வைத்தாய். நெரிசல் எல்லாம் இல்லை. கோபத்தில் உன் முகத்தைத் தேட எனக்கு மனசு வரவில்லை. பத்து வருஷம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்துகொண்டு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்தேன். இந்த ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று பதினேழு பேராகக் கிளம்பினோம். ஏரிக்கரையில் உன் விசிலை ஊதினேன். எல்லாரும் ஏறியதும் முன்னாலிருந்து தோளைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன். சரோஜா பதினாறு. என்னைச் சேர்த்தால் சரியாகிவிடும், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்பால் ஜன்னலோரத்தில் இன்னொரு தோள் இருந்தது. தொட்டேன். ஈரப் புடவை, சில்லென்று இருந்தது.

முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீயா, அன்றைக்கு உன் கையைப் பிடித்திருந்த அதுவா, தெரியாது. நீயாக இருந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது தடவையும் உன்னை அங்கே விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

"ஆளு கரெக்டாக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"பதினெட்டு. எடுங்க" என்றேன்.

வலது உள்ளங்கையில் அந்த ஈரம் இன்னும் இருக்கிறது. நான் துடைக்கவில்லை.