அரை நொடி நெருப்பு

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏற்காடு மலை தெரியவில்லை. பிரஷர் மாத்திரை, குடை, கண்ணாடி: சரி. ஒன்பதுக்குச் சேலம் சோதனைக்கூடம்.

ராணுவ வண்டியின் மென்பொருள். (பெயரை இங்கும் எழுத மாட்டேன்.) உள்ளே தீப்பிடித்தால் சென்சார் சிக்னல் தரும், மென்பொருள் அணைக்கும் வாயுவைத் திறக்கும். வண்டி இல்லாமலே போலி சிக்னல் கொடுத்துச் சோதிக்க, ஓய்வுக்கு முன் நான் கட்டிய கருவி மேடை பழைய பெஞ்ச், ப.பெ. ஓய்வுக்குப் பிறகும் சோதனைக் கையெழுத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் இந்த மென்பொருள் எப்போதும் பாஸ். புதியதில், பு.பெ., இன்று நாற்பது போலித் தீயில் மூன்றைத் தவறவிட்டது.

மேலாளர் செந்தில், திருச்செங்கோட்டுக்காரர், சிரித்தார். "நீங்க கட்டுனது தப்பாகுமுங்களா சார்? அப்பறம் காவேரி மேக்கால ஓடுமுங்க! புதுசுலதானுங்க கோளாறு இருக்கோணும். அதுல ஒரு அளவை மாத்துனா பாஸாயிரும். வியாழக்கிழமை கையெழுத்து போட்ருங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். ஏன் ஆட்டினேன்?

அக்டோபர் 15, புதன்

மழை இல்லை. புழுக்கம். பரணில் பழைய குறிப்பேடு. பக்கம் 61, என் கையெழுத்து: "சிக்னல் நீளம் அரை நொடி. தற்காலிகம். பிறகு குறைக்கவும்."

குறைக்கவில்லை. அன்றைய கருவியால் அதைவிடக் குறுகிய சிக்னல் தர முடியாது. பு.பெ. தருவது உண்மையான சென்சாரில் பதிவு செய்தது. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. மென்பொருள் விட்டு விட்டுத்தான் சென்சாரைப் பார்க்கும்; அது பார்க்காத இடைவெளியில் சிக்னல் வந்து போய்விடுகிறது.

அப்படியானால் ப.பெ. பாஸ் போட்டது பொய். வண்டிக்குள் நான்கு பேர் உட்கார்வார்கள்.

விசாரணை வருமா? பென்ஷன்? முதலில் பென்ஷனை நினைத்தேன். வெட்கம்.

மனைவி ஜமீலாவிடம் சொன்னேன். "கேஸ் அடுப்பை மூடினோமான்னு பஸ் ஸ்டாப்புல இருந்து திரும்பி வந்து பாக்குற மனுசன். இதை மட்டும் பாக்காம விட்டுட்டீங்களா?" பிறகு மெதுவாக, "போய்ச் சொல்லிடுங்க."



அக்டோபர் 16, வியாழன்

வெயில். குறிப்பேட்டைப் பையில் வைத்தேனா என்று நான்கு முறை பார்த்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. பக்கம் 61ஐ விரித்து வைத்தேன். அந்த வரியை விரலால் காட்டினேன்.

செந்தில் இருமுறை படித்தார். சிரிப்பு இல்லை. "சார், இதே பெஞ்சுல சர்க்யூட் அட்டையை மாத்தி மாத்தி வேற வண்டிகளையும் சோதிச்சிருக்கோமுங்களே. அதுக்கெல்லாமும் இந்த அரை நொடிதானுங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

"ஆமாம்."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "பட்டியல் போடுங்க சார்."

ஏழு வண்டி எழுதியாயிற்று. இன்னும் இருக்கிறது.