தையல்கார அக்கா வீட்டிலிருந்து

என்னங்க,

நான் தையல்கார அக்கா வீட்டில் இருக்கிறேன். தேட வேண்டாம். எனக்கு வந்திருக்கும் அதே அபூர்வப் புற்றுநோய்தான் அவருக்கும், அதே முற்றிய நிலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் தங்கையிடம் போனில் பேசியது சமையலறை வரை கேட்டது. "பொண்ணு வீட்டுல என் கல்யாணத் தேதியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லு. இவ இன்னும் தாக்குப்பிடிக்கிறா." நான் உங்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். "சர்க்கரை கம்மி" என்றீர்கள்.

இங்கே கதவைத் திறந்ததுமே அக்கா, "வாடி, கட்டில் ஒண்ணுதான் இருக்கு. யாரு முதல்ல போறோமோ, மத்தவ தாராளமா காலை நீட்டிப் படுத்துக்கலாம்" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்தால் எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் வலிக்கிறது. ராத்திரி வாந்தி வந்தால் முதுகைத் தடவ ஒரு கை இருக்கிறது. உங்கள் வீட்டில் கதவைத்தான் சாத்துவீர்கள்.

இன்று காலை, உங்கள் போனில் பார்த்து வைத்திருந்த எண்ணில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அக்கா என் கையை விடவில்லை. மனைவி செத்து ஒரு வருஷம் ஆகிறது என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

"நீங்க யாரு பேசறது?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத உங்கள் மனைவி