தம்பியிடம் யாரும் கேட்காத கேள்வி

மார்ச் 4
"டீச்சர், கேள்வியே தப்பா இருந்தா எங்களை எப்படி ஃபெயிலாக்குவீங்க?" என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். வினாத்தாளில் முக்கோணத்தின் அளவுகளைத் தவறாக அச்சிட்டிருந்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டோம். எதுவும் எழுதாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும்தான்.

இன்று எங்கள் வக்கீலம்மா அதே கேள்வியைத் தம்பிக்காகக் கேட்கலாம் என்கிறார்.

தம்பி நர்சிங் பயிற்சி நிலையம் நடத்தினான். மோசடி என்று தீர்ப்பாகி, போன வருடத்திலிருந்து சிறையில் இருக்கிறான். வக்கீலம்மா குற்றச்சாட்டுத் தாளை என்னிடம் நீட்டினார்.

"படிச்சுட்டு, உங்க தம்பி என்ன பொய் சொன்னார்னு சொல்லுங்க டீச்சர்."

திரும்பத் திரும்பப் படித்தேன். 'பலரிடம் பலவாறு பொய் கூறி ஏமாற்றினார்.' யாரிடம்? என்ன பொய்? எப்போது? ம்ஹூம்.

"இல்லைன்னு மறுக்கணும்னா எதை மறுப்பாரு? அதான் நம்ம அப்பீல்" என்றார்.

மார்ச் 9
தம்பி மனைவிக்கு விளக்கினேன். "குழந்தையைச் 'சேட்டை பண்ணே'ன்னு அடிச்சா, என்ன சேட்டைன்னு அது கேக்கும்ல?"

"அது சரி அண்ணி. சேட்டை பண்ணுச்சா, இல்லையா?"

அடுப்பில் பால் இருந்தது. அதைப் பார்க்கப் போனேன்.

மார்ச் 15
என் ஜாக்கெட் தையல்காரம்மாவிடம் கிடக்கிறது. வழக்கு வருவதற்கு முன் கொடுத்தது. அவர் மகள் தம்பியின் நிலையத்தில்தான் படித்தாள். நிலையத்துக்கு அங்கீகாரம் இல்லை. அந்தச் சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் ஏற்கவில்லை. அவர் கோர்ட்டில் சாட்சி சொன்னார். நான் ஜாக்கெட் கேட்கப் போகவில்லை. இனி அது எனக்குப் பொருந்துமா என்பது தனிக் கேள்வி.

ஏப்ரல் 2
மேல்முறையீட்டு விசாரணை.

"என்ன பொய் சொன்னார்?" என்று நீதிபதி அரசு வக்கீலைக் கேட்டார்.

"நிறைய பொய் ஐயா."

"ஒண்ணு சொல்லுங்க."

வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை பையைத் துழாவுவதுபோல அவர் காகிதங்களைத் துழாவினார். "சாட்சியத்துல இருக்கு ஐயா."

"இருக்கட்டும். குற்றச்சாட்டுல எங்க இருக்கு?"

தையல்காரம்மா பின்வரிசையில் இருந்தார். நான் திரும்பவே இல்லை. கழுத்து வலிக்கிறது.

ஏப்ரல் 17
தண்டனை ரத்து. எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே அவனுக்குச் சொல்லப்படவில்லை என்கிறது தீர்ப்பு. தண்டனையில் பெரும்பகுதியை அனுபவித்துவிட்டதால் மறுவிசாரணையும் வேண்டாமாம். செய்தான் என்றோ செய்யவில்லை என்றோ ஒரு வரி இல்லை.

அழுதேன். சந்தோஷம்தானே? சந்தோஷமும்தான் —

ஏப்ரல் 21
தம்பி வந்தான். இளைத்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரரிடம், "நிரபராதின்னு கோர்ட்டே சொல்லிருச்சு சார்" என்றான். அவர் கை குலுக்கிவிட்டுப் போனார்.

"கோர்ட் அப்படிச் சொல்லலடா."

"பின்ன என்னக்கா சொல்லுச்சு?"

"கேள்வி தப்புன்னு சொல்லுச்சு. நான் சரியா கேக்கறேன். மகளைச் சேர்க்க வந்த தையல்காரம்மாகிட்ட அங்கீகாரம் இருக்குன்னு சொன்னியா? இல்லைன்னு அப்பவே உனக்குத் தெரியுமா?"

"எப்படியும் வந்துரும்னு நெனச்சேன்..."

"அது வேற கேள்விக்குப் பதில்."

அவன் டீயில் ஆடை கட்டிவிட்டது. அதை விரலால் எடுத்துத் தட்டில் வைத்தான்.

"சொன்னேன். தெரியும்க்கா."

ஏப்ரல் 22
தம்பிக்கும் சேர்த்துச் சமைத்தேன். சாப்பிட்டோம்.

ஏப்ரல் 23
ஜாக்கெட்டை வாங்கி வரச் சொன்னேன்.

"நானா?"

"நீதான்."

காலையில் போனவன் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் வந்தான். கையில் ஜாக்கெட்.

"என்னடா சொன்னே?"

"உன்கிட்ட சொன்னதைத்தான்."

"அவங்க?"

"ரொம்ப நேரம் மிஷினை நிறுத்தவே இல்ல. அப்புறம், 'இதை என் பொண்ணுகிட்டயும் சொல்லு, நாளைக்கு இருப்பா'ன்னாங்க."

நாளைக்கும் போகிறானாம். சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறான்.

ஜாக்கெட்டில் கை இறுக்கம். இருந்தாலும் போட்டிருக்கிறேன்.

இதைப் பிற்பாடு படிப்பது நானோ வேறு யாரோ: ஒருவர்மேல் குற்றம் சொல்லத் தோன்றினால், யாரிடம், எப்போது, என்ன செய்தார் என்று முதலில் ஒரே வரியில் எழுதிப் பார்.