இரண்டு முறை விழும் அடி

என்னவருக்கு,

நமக்குப் பிடித்த ராக் குழுவின் ரசிகர் பக்கத்தில், சிறந்த பாட்டு எது என்று மறுபடியும் சண்டை. 'பச்சைக்கிளி' என்ற பெண் உங்களுக்குப் பிடித்த பாட்டுக்காக வாதாடினாள்.

"நடுவுல டிரம் அடி ரெண்டு தடவை விழுமே, அதுக்கே முதலிடம் குடுக்கலாம்!"

"ஒரு தடவைதாம்மா விழும். காது கேக்கவா, கம்மல் மாட்டவா?" என்று எல்லோரும் கேலி செய்தார்கள். நீங்கள் மட்டும் வாய் திறக்கவில்லை.

கீறல் விழுந்த நம் இசைத்தட்டில் மட்டும்தான் அந்த அடி இரண்டு முறை விழும். அது நம் படுக்கையறையை விட்டு வெளியே போனதே இல்லை. நான் அம்மா வீட்டில் இருந்தபோது பாட்டே போடவில்லை என்றீர்கள்.

பாவம், அவளுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று அங்கே எழுதப் போகிறேன். அதற்குமுன் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?

இப்போதைக்கு,
உங்கள் மனைவி