முகத்துக்கு மூணு கோட்

மார்ச் 4
புத்தர் சிலையின் ஆடையில் சிவப்பு உதிர்வது ஏன் என்று தெரிந்துவிட்டது. கடுகைவிடச் சின்ன ஒரு செதிலை எடுத்து, அடுக்குகள் தெரியும்படி குறுக்காகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அடியில் களிமண், மேலே வெள்ளை, அதன்மேல் சாதிலிங்கச் சிவப்பு. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் ஒட்டிக்கொண்டிருந்த சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம். அது பழசில்லை.

மார்ச் 5
செயற்கைப் பிசின். சுருங்கச் சுருங்கச் சாயத்தையும் சேர்த்துப் பிய்க்கிறது. எங்கள் அருங்காட்சியக ஆய்வகத்திலேயே பூசியதுதான். யார் பூசியது என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். டைரக்டர் தரையைப் பார்த்தபடி, "உங்க அண்ணன் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி அடிச்சது. எத்தனை கோட்னு கேட்டுட்டு வாங்கம்மா. தெரியாம கை வைக்க முடியாது" என்றார்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் நம்பிப் பூசினார்கள். இதை எப்படிப் போய்ச் சொல்ல?

மார்ச் 6
போகவில்லை.

மார்ச் 9
"மூச்சு விடவே திணறுறார். வேலைப் பேச்சை எடுக்காதே" என்று அண்ணி வாசலிலேயே மறித்தார். உள்ளிருந்து அண்ணன் குரல்: "யாரு, சின்னவளா? வரச் சொல்லு."

கேட்டுவிட்டேன்.

"உரியுதா?"

"ஆமாண்ணா."

"முகமுமா?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே இருந்தார். "உடம்புக்கு ரெண்டு கோட். முகத்துக்கு மூணு. முகமாச்சே, கூட ஒண்ணு இருக்கட்டும்னு..." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அண்ணி கேட்டது ஒரே வார்த்தை: "திருப்தியா?"

மார்ச் 17
கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்தால், ஆடையில் படலம் மட்டும் தனியாகக் கழன்று வருகிறது. சிவப்பு தங்கிவிட்டது.

மார்ச் 21
இன்று முகம். சிலையின் கீழுதட்டு ஓரத்தில் சோதித்தேன். பஞ்சு சிவந்துபோச்சு. ஐயோ. உடனே நிறுத்திட்டேன் — ஆனா போனது போனதுதானே? என் கையாலதானே போச்சு?

மார்ச் 22
"முகம்?" என்றார் அண்ணன்.

"நல்லா வந்துட்டிருக்குண்ணா."

கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா? சின்ன வயசிலிருந்தே என் பொய்யெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஏப்ரல் 3
அண்ணன் போய்விட்டார்.

ஜூன் 12
உடம்பில் படலத்தை முழுதும் எடுத்தாயிற்று. முகத்தைத் தொடுவதில்லை என்று முடிவாகி, உதிரும் ஓரங்களை மட்டும் ஒட்டி, ஈரப்பதம் மாறாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. முகத்தில் படலம் அப்படியே இருக்கும். மெதுவாகத் தன் வேலையையும் பார்க்கும்.

இன்று அண்ணி வந்தார். காரியம் முடிந்த நாளிலிருந்து என்னோடு பேசாதவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பெட்டி முன்னால் நின்றார்.

"உடம்பெல்லாம் மங்கிக் கிடக்கே. முகம்தான் பளபளன்னு அழகா இருக்கு. அது உங்க அண்ணன் பண்ணினதா?"

"ஆமா அண்ணி. அது அவர் பண்ணினது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். காட்சிக்கூடத்தை மூட மணி அடிக்கும்வரை விடவில்லை.