சம்பந்தியம்மாவிடம் ஒரு கேள்வி

மார்ச் 4
மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். சம்பந்தியம்மா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரர்; அவர் அம்மாவுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும், எனக்குத் தமிழ்தான். நடுவில் வீடியோ போனைப் பிடித்துக்கொண்டு மகள். "ஏன் கூப்பிடலன்னு கேளுடி" என்றேன். ஏதோ தேன் தடவிச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கிறார்! திட்டினால் யாராவது சிரிப்பார்களா? இனி நானே கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 9
பழைய புத்தகக் கடையில் தமிழ் விளக்கத்தோடு ஒரு ஸ்பானிஷ் பாடப்புத்தகம். வினைச்சொல்லுக்குத் தலை ஒன்று, வால் ஐம்பது. ஆள் மாறினால் வால் மாறும், காலம் மாறினாலும் மாறும். வந்தேன், வந்தாள் மாதிரிதானே? இதற்கா பயப்படுவேன்?

மார்ச் 15
'பேசுதல்' — ஆப்-லார் என்று பிரித்தேன். புத்தகம் ஆ-ப்லார் என்கிறது. புள்ளி வைத்த எழுத்தில் அசை தொடங்குமா? எந்த ஊர் நியாயம்? புத்தகத்தைப் பென்சிலால் திருத்திவிட்டேன்.

மார்ச் 22
எழுத்துகளின் மேல் சின்னச் சின்னக் கோடு. ஈ எச்சம் என்று ரப்பரால் தேய்த்தேன், முப்பது பக்கம். கோடும் போயிற்று, காகிதமும் போயிற்று. இன்றுதான் படித்தேன்: எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டுவதே அந்தக் கோடுதானாம். முன்பக்கத்தில் சொல்லித் தொலைத்தால் என்ன?

யாமோ. முன்னால் அழுத்தினால் 'கூப்பிடுகிறேன்', பின்னால் அழுத்தினால் 'கூப்பிட்டார்'. ஓர் அசை தள்ளிப்போனால் குற்றவாளியே மாறிவிடுகிறார்!

ஏப்ரல் 2
துணி தைக்கும்போதே மிஷினில் ஸ்பானிஷ் பழகுகிறேன். அசைக்கு ஒரு மிதி, அழுத்தத்துக்கு ஓங்கி ஒரு மிதி. பக்கத்து வீட்டு நர்ஸம்மா நான் தைத்துக் கொடுத்த யூனிஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்னக்கா, தையல் நொண்டுது?"
"போட்டுட்டு நட, சரியாயிடும்."

ஏப்ரல் 6
"இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம்? நான்தான் இருக்கேனே" என்கிறாள் மகள். நீ இருப்பதுதானடி தொல்லை.

ஏப்ரல் 11
நாக்கில் புண்.

ஏப்ரல் 19
காலையில் வீடியோ போன் செய்தேன். மகள் குளிக்கப் போயிருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டபடி சம்பந்தியம்மாவே எடுத்தார். மிஷினில் உட்கார்ந்து, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று மிதித்து மிதித்துக் கேட்டேன்: "போர் கே நோ மே யா-மோ?" கடைசி அசைக்கு ஓங்கி மிதித்தேன்.

அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. படபடவென்று பொரிந்தார். ஒன்றும் புரியவில்லை. மெதுவாக, என்று கையைக் காட்டினேன். குழந்தையின் முதுகில் தட்டித் தட்டி, அசை அசையாகச் சொன்னார். அழுத்த வேண்டிய இடத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

"உன் அம்மாவைக் கூப்பிடு, நான் பேச வேண்டும்" என்று ஆறு முறை கேட்டாராம். "அம்மாவுக்கு வேலை" என்றாளாம் மகள். நான் ஏன் விசாரிக்கவில்லை என்று அவருக்கும் கோபம். அவர் திட்டியதெல்லாம் என் காதுக்கு 'சௌக்கியமான்னு கேக்கறாங்கம்மா' என்றே வந்து சேர்ந்திருக்கிறது.

விடுவேனா? அவர் தட்ட, நான் மிதிக்க, அரைமணி நேரம் நேருக்கு நேர் சண்டை. நாளைக்கும் இதே நேரம் என்று அவரே சொன்னார். இத்தனை மாதத்தில் இன்றுதான் வயிறு நிறைந்தது.

மகள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "ஐயோ, அத்தை என்னம்மா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லடி. நீ ரொம்ப அழகா மொழிபெயர்க்கிறியாம்."